ஆசிரியராகப் புகுவோரும் இணையவழிக் கூட்டுப்பணியும்

கற்கும் முறையை வகுத்துக் கூறவந்த நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர், ஆசிரியன் வாய்க் கேட்பதனால் மட்டும் மாணாக்கன் அடையும் புலமை காற்பங்கே என்று கணக்கிட்டார். தன்னோடு ஒத்த மாணாக்கரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்பங்கும், கற்றதனைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் கைகூடும் என்பது அவர் கருத்து. ஆகவே, கல்வியின் முக்காற்பங்கு மற்றவரோடு கூடி நிற்கும்போதே விளைகின்றது என்பது தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே தெளிந்த உண்மையாம்.

ஆயினும், நம் வகுப்பறைகளின் அமைப்பை நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் அம் முதற் காற்பங்குக்கே இடந்தருவனவாய் உள்ளன. வாங்குகள் யாவும் கரும்பலகையை நோக்கியிருக்கின்றன. பேசுவோர் ஒருவர், கேட்போர் நாற்பதின்மர். கூடிப் பயிலுதல் என்பது வகுப்பறைக்கு வெளியே, விடுதி விறாந்தையிலும் வேப்பமர நிழலிலும், சோதனை நெருங்கிய மாலைப்பொழுதுகளிலே நிகழ்ந்தது. ஒருவர் எழுதிய குறிப்புக் கொப்பி பத்துப்பேர் கைம்மாறி, ஓரங்களிலே பத்துப்பேர் கையெழுத்தும் பெற்று, ஈற்றில் எழுதியவருக்கே புதுநூலாய்த் திரும்பி வந்ததனைப் பழைய மாணவர் பலர் மறந்திரார்.

இந்நாளில் 'இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகள்' எனப்படுவன, அக் கைம்மாறிய கொப்பியின் விரிவே அன்றி வேறல்ல. ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் இளைஞர், அதாவது நம் நாட்டுக் கல்வியியற் கல்லூரிகளில் 'முகிழ்நிலை ஆசிரியர்' என அழைக்கப்படுவோர், அக்கருவிகளை எவ்வாறு கற்றல் வேண்டும், எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை இம்மலரின் வாயிலாக ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

புதிய கருவியைக் கண்டு அஞ்சுதல் நம் கல்வி மரபுக்கு உரியதன்று. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர், அடுத்த ஆண்டிலேயே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்று வந்தார். அச்சு அக்காலத்தின் புதுக்கருவி. அதனை அவர் வேடிக்கைப் பொருளாகக் கொள்ளவில்லை. பாலபாடம் முதலிய நூல்களை மாணாக்கர் கையிற் சேர்க்கும் வழியாகக் கொண்டார். எந்தக் கருவியையும் 'இது கற்பித்தலுக்கு எவ்வாறு உதவும்' என்று கேட்டே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு அவர் செயல் நல்ல சான்றாகும்.

இக்கருவிகளின் வரலாறும் சுவையுடையது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார், தொலைவிலிருந்த தம் தோழரும் தாமும் ஒரே பக்கத்தைத் திரையிற் கண்டு பணிசெய்யும் விந்தையைப் பேரவை ஒன்றின்முன் நிகழ்த்திக் காட்டினார். 1989இல் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தபோது, பல நாட்டு அறிவியலாளர் தத்தம் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுதலே அவர் நோக்கமாயிருந்தது. அவர் முதலில் அமைத்த உலாவி படிப்பதற்கு மாத்திரமன்றி எழுதுவதற்கும் உரியதாயிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1995இல் வார்ட் கன்னிங்காம் என்பார், யாவரும் திருத்தத்தக்க பக்கங்களைக் கொண்ட முதலாவது 'விக்கி'யை அமைத்தார். 'விக்கி' என்பது ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரைக் கண்டு அவர் அதனைச் சூட்டினார். 2001இல் விக்கிப்பீடியா தோன்றியது. 2002இல் வெளிவந்த மூடில் என்னும் கற்கைத் தளத்தை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ், அவுஸ்திரேலியாவின் பாலைப்புலத்தில் வளர்ந்து, வானொலி வழியாக நடந்த பள்ளியிலே சிறுவயதிற் பயின்றவர். 2005இல் றைற்லி என்னும் பெயரோடு தோன்றிய இணையவழி எழுதுபலகையை அடுத்த ஆண்டில் கூகிள் நிறுவனம் வாங்கியது. இன்று நாம் 'கூகிள் டொக்ஸ்' என வழங்குவது அதன் வழிவந்ததே.

நம் நாட்டிற் பெரும்பாலான ஆசிரியர்க்கு இவை அறிமுகமானது ஓர் இடர்க்காலத்திலாகும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர் தம் குறிப்புகளைப் படம்பிடித்து வட்ஸ்அப், வைபர் குழுக்களில் அனுப்பினர். சூம் வழியாக உரையாற்றினர். அலைவரிசை கிட்டாத ஊர்களிற் பிள்ளைகள் குன்றேறியும் மரமேறியும் பாடங்கேட்ட செய்திகளை நாம் படித்தோம். அவ்வாசிரியர்களின் தொண்டு போற்றற்குரியது. எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அன்று நடந்தது பெரும்பாலும் கூட்டுப்பணியன்று; கரும்பலகை கைத்தொலைபேசிக்குள் இடம்பெயர்ந்தமையே. பேசுவோர் ஒருவர், கேட்போர் பலர் என்னும் நிலை மாறவில்லை. கருவி புதிது, முறை பழையது. முகிழ்நிலை ஆசிரியர் முதலிற் கற்கவேண்டிய வேறுபாடு இதுவே.

இனி, ஒரே பக்கத்திற் பலர் ஒரே வேளையில் எழுதுவது எங்ஙனம் இயலும் என்பதனைச் சிறிது ஆராய்வோம். 'யாழ்ப்பாணத்துக் கிணறுகள் மழையால் மிகவும் நிறையும்' என்னும் ஐந்து சொற்கொண்ட வாக்கியம் பக்கத்தில் உள்ளதெனக் கொள்வோம். கோப்பாயிலிருக்கும் ஒருவர் அதன் முதலிற் 'பொதுவாக' என்னும் சொல்லைச் சேர்க்கின்றார். அதே கணத்தில் வவுனியாவிலிருக்கும் மற்றொருவர் நாலாஞ் சொல்லாகிய 'மிகவும்' என்பதனை நீக்குகின்றார். முதல்வர் சேர்த்த சொல்லால் வரிசை ஒன்று தள்ளிப்போயிற்று. இப்போது நாலாஞ் சொல் 'மழையால்' என்பதாகும். 'நாலாஞ் சொல்லை நீக்கு' என்னும் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால், நீங்கவேண்டியது நிற்க, நிற்கவேண்டியது நீங்கிவிடும். ஆதலால் நடுவிலுள்ள கணினி, முன்னர் வந்த மாற்றத்தை அறிந்து, பின்னர் வந்த கட்டளையை 'ஐந்தாஞ் சொல்லை நீக்கு' எனத் திருத்தி நிறைவேற்றுகின்றது. உண்மையில் இக்கணக்கு சொற்சொல்லாக அன்றி எழுத்தெழுத்தாக நடைபெறும். எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவர் 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே இம்முறைக்கு வித்திட்டனர். பிறர் செய்ததை அறிந்து தன் செயலைச் சிறிது மாற்றிக்கொள்ளுதல் என்னும் இக்கோட்பாடு, கணினிக்கு மட்டுமன்றிக் கூடித் தொழில்செய்யும் மனிதர்க்கும் ஏற்றதன்றோ!

கருவியைக் கையாளக் கற்கும் முகிழ்நிலை ஆசிரியர்க்கு நான்கு பயிற்சிகள் இன்றியமையாதன.

முதலாவது, உரிமை வரையறை. பகிரப்படும் பக்கத்தைப் பார்ப்பதற்கு மட்டும் உரியோர், கருத்துரை வழங்க உரியோர், திருத்துவதற்கு உரியோர் என மூவகையினர் உளர். யார் எவ்வகையினர் என்பதனைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தல் வேண்டும். வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் பின்னர்க் களவுபோயிற்று என்று வருந்துவதிற் பயனில்லை.

இரண்டாவது, திருத்த வரலாறு. ஆசிரியப் பயிற்சி பெறுவோர் சிலர் முதன்முறையாக ஒரே பக்கத்தில் எழுதப் புகுந்த காட்சியை யாம் அருகிருந்து கண்டோம். ஒருவர் தம்மையறியாது முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டார். அரைமணி நேர உழைப்பு மறைந்ததென எண்ணி அவர் கண்கலங்கினார். தோழர் சிலர் கடுமொழியும் கூறினர். திருத்த வரலாற்றைத் திறந்து பழைய நிலையை மீட்டபோது மண்டபமே சிரித்தது. அன்று அவர்கள் கற்ற பாடம் ஒரு பொத்தானைப் பற்றியது மட்டுமன்று. பிழை செய்தவர் மீளலாம் என்னும் உறுதி இருக்குமிடத்திலேயே துணிந்து முயலும் மனம் பிறக்கும் என்பதனையும் அவர்கள் உணர்ந்தனர். நாளை அவர்தம் வகுப்பில் ஒரு பிள்ளை பிழை செய்யுங்கால், அவ்வுணர்வு அப்பிள்ளைக்குத் துணையாகும்.

மூன்றாவது, கருத்துரைக்கும் பண்பு. மற்றவர் எழுதியதை அழித்துத் தம்முடையதை இடுதல் எளிது. ஓரத்திலே, 'இவ்விடத்தில் ஓர் உதாரணம் வேண்டாவோ?' என்று வினாவுதல் அரிது. பின்னதே கற்பிப்போர் செயல். அழித்துத் திருத்திக் கொடுத்த கட்டுரையிலிருந்து மாணாக்கன் கற்பது குறைவு; வினாவைப் பெற்றுத் தானே திருத்தியதிலிருந்து கற்பது மிகுதி.

நான்காவது, எழுத்துரு. இது சிறிதெனத் தோன்றினும் நம்மவர்க்குப் பெருந்தடையாகும். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் உண்மையில் ஆங்கில எழுத்துகளே பதிவாகின்றன. தமிழ் வடிவம் மேற்போர்வை மாத்திரம். அவ்வெழுத்துரு இல்லாத மற்றொருவர் கருவியில் அப்போர்வை விலகிப் பொருளற்ற எழுத்துக்கூட்டமே தோன்றும். 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோட் முறையில், ரெங்கநாதன் விசைப்பலகையாலோ வேறு முறையாலோ தட்டெழுதப் பழகாதார், பிறரோடு தமிழிற் கூடி எழுதுதல் இயலாது.

இவ்வளவும் கருவி பற்றியன. கருவியைக் கற்றவர் யாவரும் ஆசிரியர் ஆகார். கூட்டுப்பணிக்குத் தகுந்த பாடத்தைத் தெரிதலே பெரிய கலை. ஒருவரே செய்து முடிக்கத்தக்க வேலையைப் பத்துப்பேருக்குப் பங்கிடுதல் கூட்டுப்பணியன்று. ஒருவரால் ஒருபோதும் செய்ய இயலாததும், பலர் கூடினால் எளிதாவதுமான ஒன்றைத் தெரிதல் வேண்டும். ஓர் உதாரணங் காட்டுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கும் மழைநீரே நம் கிணறுகளின் ஊற்று. அந்நன்னீர், கீழேயுள்ள உவர்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது பரந்திருக்கும் என்பது அறிவியலார் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறையின், கீழே நாற்பதடி நன்னீர் படிப்படியாக உவர்நீருக்கு இடங்கொடுக்க நேரும். இது நம் பிள்ளைகள் யாவரும் அறியவேண்டிய செய்தி. பாடநூலிற் படித்து மனனஞ் செய்தால் அது பரீட்சையோடு மறையும். தம் வீட்டுக் கிணற்றிலே கண்டால் ஆயுள்வரை நிலைக்கும்.

இதற்கென முகிழ்நிலை ஆசிரியர் ஒருவர் பகிர்வு அட்டவணை ஒன்றைத் தயாரிக்கின்றார் எனக் கொள்வோம். வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளும், பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஒவ்வொரு ஞாயிறும் முடிச்சிட்ட கயிற்றினால் கிணற்று நீர்மட்டத்தை அளந்து தத்தம் நிரலிலே பதிதல் வேண்டும். முதல் வாரத்திலேயே குழப்பம் தோன்றும். ஒருவர் பன்னிரண்டு என எழுதியது அடி. மற்றொருவர் எழுதியது மீற்றர். ஒருவர் கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பிலிருந்து அளந்தார். மற்றொருவர் நிலமட்டத்திலிருந்து அளந்தார். ஒருவர் விடியற்காலையில் அளந்தார். மற்றொருவர் தோட்டத்துக்கு நீரிறைத்து ஓய்ந்த பின்னர் அளந்தார். எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வா. இக்குழப்பத்தை ஆசிரியர் தாமே தீர்த்து வைப்பாராயின் பாடத்தின் உயிர் போய்விடும். 'இவ்வெண்கள் ஏன் ஒவ்வவில்லை?' என்று அட்டவணையின் ஓரத்தில் வினவி, பிள்ளைகளே கலந்து விதி வகுக்க விடுவாராயின், அளவையின் இலக்கணம் முழுவதனையும் அவர்கள் தாமே கண்டறிவர். ஐப்பசி மழை தொடங்கி மார்கழி ஈறாக நீர்மட்டம் ஏறுவதும், பங்குனி, சித்திரையில் இறங்குவதும், கடற்கரையோரத்துக் கிணற்றுக்கும் உள்ளூர்க் கிணற்றுக்கும் உள்ள வேற்றுமையும் ஒரே வரைபில் அவர்கண்முன் தோன்றும். தனியொரு பிள்ளை இதனைக் காணமுடியாது. முப்பது கிணறுகள் கூடியபோதே நிலத்தின் வரலாறு பேசத் தொடங்குகின்றது.

இங்கே ஒரு நெருடலான வினா எழுகின்றது. கைத்தொலைபேசி இல்லாத பிள்ளை என் செய்யும்? தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற ஒரே தொலைபேசி இரவில் வீடு வரும்வரை காத்திருக்கும் பிள்ளை என் செய்யும்? இவ்வினாவுக்கு விடை கூறாத ஆசிரியர், கூட்டுப்பணி என்னும் பெயரால் ஒரு பிள்ளையைக் கூட்டத்துக்குப் புறத்தே நிறுத்துகின்றார். விடை அரிதன்று. அளப்பதற்குக் கயிறு போதும். எழுதுவதற்குக் கொப்பி போதும். திங்கட்கிழமை பாடசாலைக் கணினியிலோ தோழர் தொலைபேசியிலோ பதிந்துகொள்ளலாம். கருவி இல்லாதவர் தாழ்ந்தவர் ஆகாதபடி, அனைவரும் முதலிற் கொப்பியில் எழுதுதலே விதியென வகுத்துவிடின் வேற்றுமையே தோன்றாது.

புள்ளி வழங்குவதிலும் இவ்விழிப்பு வேண்டும். யார் எத்தனை வரி எழுதினார் என்பதனைத் திருத்த வரலாறு காட்டும். ஒன்றும் செய்யாது பெயர் மட்டும் கொடுப்பவரை அது வெளிப்படுத்தும் என்பது உண்மை. ஆயின், அது கைகளைக் காட்டுமேயன்றிச் சிந்தையைக் காட்டாது. ஒரே தொலைபேசியில் இருவர் சேர்ந்து எழுதின் ஒருவர் பெயரே பதிவாகும். விரைந்து தட்டெழுதுபவர் பெரிதும் உழைத்தவராய்த் தோன்றுவர். நல்ல எண்ணத்தை வாய்மொழியாக வழங்கிய கூச்சமுள்ள பிள்ளை காணாமற் போய்விடும். ஆதலால் வரலாற்றைச் சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பிள்ளைகளை அழைத்து, 'இதில் உன் பங்கு யாது?' என்று நேரிற் கேட்டறியும் பழைய வழக்கத்துக்கு ஈடான பொறி இன்னும் தோன்றவில்லை.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள. ஒன்று, பிள்ளைகளின் முழுப்பெயர், முகவரி, வீட்டின் அமைவிடம் என்பன யாவரும் காணத்தக்க பக்கத்தில் இடம்பெறலாகா. 'முதலாங் கிணறு, இரண்டாங் கிணறு' என எண்ணிட்டு, எண்ணுக்குரிய பெயரை ஆசிரியர் தம் கொப்பியில் வைத்திருத்தல் தக்கது. மற்றொன்று, இணையக் கருவிகள் நிலையுடையன அல்ல. கூகிள் நிறுவனம் 2009இற் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகஞ்செய்த 'வேவ்' என்னும் கூட்டுப்பணிக் கருவியின் ஆக்கவேலை மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் 'ஜாம்போட்' என்னும் இணையக் கரும்பலகை 2024ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. அதில் வரைந்திருந்த ஆசிரியர்கள் உரிய காலத்திற் படியெடுத்து வைக்க வேண்டியவராயினர். ஆகவே, கருவியின் பெயரைக் கற்பதினும் கூடிப் பணிசெய்யும் முறையைக் கற்றல் நன்று. முடிந்த வேலையின் படி ஒன்றைத் தனியே சேமித்து வைத்தல் அதனினும் நன்று.

வகுப்பறை எல்லையைக் கடந்து நிற்கும் கூட்டுப்பணிக்குத் தமிழ் விக்கிப்பீடியா நல்ல பயிற்சிக்களமாகும். 2003இல் தோன்றிய அது, யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன் முதலிய தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்து, இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்குகின்றது. தம் ஊர்க் குளம் பற்றி ஒரு கட்டுரை எழுதப்புகும் முகிழ்நிலை ஆசிரியர், 'இதற்குச் சான்று யாது?' என்று முன்பின் அறியாதார் வினவக் கேட்பர். அவ்வினா முதலிற் சுடும், பின்னர்த் தெளிவிக்கும். சான்று தேடி அவர் செல்லுமிடங்களுள் ஒன்று, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகமாகும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் அது பேணி வருகின்றது. இம்மலர் போன்ற ஒன்றிலே எவரோ எழுதிவைத்த ஊர்ச்செய்தி, அரை நூற்றாண்டின் பின்னர் இளம் ஆசிரியர் ஒருவர்க்குச் சான்றாகக் கிடைத்தல், காலங்கடந்த கூட்டுப்பணியே ஆகும்.

பழைய மாணவர்க்கும் இதில் ஓர் இடமுண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர், ஒரே வேளையிற் கூடி உரையாடுதல் அரிது. ஆயின் பகிர்வுப் பக்கத்தில் அவரவர்க்கு ஒழிந்த வேளையில் வந்து கருத்துரைக்கலாம். நீரியல் கற்ற பொறியியலாளர் ஒருவர், அக்கிணற்று அட்டவணையின் ஓரத்திலே ஒரேயொரு நல்ல வினாவை எழுதிச் செல்வாராயின், அது கல்லூரிக்கு அவர் அனுப்பும் காசோலையினும் குறைந்த நன்கொடையன்று. பாடசாலைக்கு இரண்டொரு கணினியும் இணைப்பும் உதவுவோர், தொலைபேசியில்லாத பிள்ளையையும் கூட்டத்துள் இருத்திய புண்ணியத்தைப் பெறுவர்.

முகிழ்நிலை ஆசிரியர்க்கு யாம் கூறவிழைவது இதுவே. கருவிகள் மாறும், நீங்கள் இன்று கற்பவற்றுட் சில, நீங்கள் ஓய்வுபெறுமுன்னரே மறைந்தொழியும். கூடிக் கற்பிக்கும் மனம் மாறாது. பவணந்தியார் சொன்ன காற்பங்கை உங்கள் ஆசிரியரிடம் பெற்றுவிட்டீர்கள். மற்றைக் காற்பங்கை இப்போது தோழரோடு பெறுகின்றீர்கள். எஞ்சிய அரைப்பங்கு, உங்கள் மாணாக்கர் நடுவே உங்களுக்காகக் காத்திருக்கின்றது.